மஞ்சளாருக்குக் கிடைத்த உத்தரவு

சாலைச் சந்திப்புகளில் நிற்கும் போக்குவரத்து விளக்குகளைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். பணிமனையில் அவரை மஞ்சளார் என்றே அழைத்தார்கள். பெற்றோர் ஆசையாக இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் கசங்காமல் இருந்தது. மஞ்சளார் என்ற பட்டத்தைச் சூட்டியவர் ஏணி வண்டி ஓட்டுநர்.

"பச்சைன்னா போகணும், சிவப்புன்னா நிக்கணும். நம்ம அண்ணன் ரெண்டுக்கும் நடுவுல நின்னு யோசிச்சிட்டே இருப்பாரு" என்று ஒரு நாள் அனைவர் முன்னிலையிலும் சொன்னார். அதற்குக் கோபப்படுவதா, சேர்ந்து சிரிப்பதா என்று மஞ்சளார் ஒரு வாரம் ஆலோசித்தார். சிரிப்பதே நலம் என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, பெயர் ஊன்றி, வேர்விட்டு, வாசற்காவலர் வரை பரவியிருந்தது.

தம்மைப் பற்றிய கேலிகளில் மற்றவர்கள் செய்பவை இரண்டாந்தரம், தாமே செய்துகொள்பவையே முதல் தரம் என்பது மஞ்சளாரின் எண்ணம். "மதில்மேல் பூனையாவது எந்தப் பக்கமாவது ஒரு நாள் குதிக்கும். நான் மதிலுக்கு வெள்ளையடிச்சு அங்கேயே குடியிருக்கிறவன்" என்பார். சொல்லிவிட்டு, அந்த உவமை சரிதானா என்று மறுநாள் வரை யோசிப்பார்.

அவருக்குக் கடவுளிடம் உறுதியான நம்பிக்கை உண்டு, தம்மிடம்தான் இல்லை. ஆகவே சிறியதும் பெரியதுமான எல்லாக் காரியங்களிலும் மேலிடத்து உத்தரவை எதிர்பார்ப்பது அவருடைய வழக்கமாயிற்று. வேலைக்குச் சேரும் முன் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று அச்சகம், மற்றொன்று இந்த விளக்குப் பணிமனை. "ஆண்டவனே, அடுத்து வருவது பேருந்தாக இருந்தால் பணிமனை, வேறு வண்டியாக இருந்தால் அச்சகம்" என்று வேண்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பேருந்து வந்தது. கண் கலங்கிக் கைகூப்பினார். பேருந்து மட்டுமே நுழையக்கூடிய நிலையத்தினுள் தாம் நின்றிருந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் புத்திக்கு எட்டியது.

திருமணக் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அக்கா பார்த்து வைத்த பெண், பள்ளிச் சீருடைகள் தைக்கும் கூடத்தில் துணி வெட்டுபவள். பெண் பார்த்துவிட்டு வந்து, மஞ்சளார் வழக்கம்போல் அவகாசம் கேட்டார். பெண்ணிடமிருந்து பதில் வந்தது: "தாராளமா யோசிக்கட்டும். அதுக்குள்ள நான் ஒரு சட்டையைத் தச்சு முடிச்சிடறேன்." சொன்னபடியே சட்டை வந்து சேர்ந்தது. அணிந்து பார்த்தார், தோளிலும் கையிலும் கழுத்திலும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. அளவெடுக்காத சட்டை இப்படிப் பொருந்துவது தெய்வச் செயலன்றி வேறென்ன என்று உடனே சம்மதம் தெரிவித்தார்.

"எதிர்ல அரை மணி நேரம் உக்காந்திருந்தீங்களே, அளவு தெரியாதா? தச்சவ நான், பேரு மட்டும் கடவுளுக்கா?" என்று அவள் இன்றைக்கும் கேட்பாள்.

"உன்னைத் தைக்க வெச்சது அவர்தானே?"

"அப்போ பொத்தானையும் அவரையே தைக்கச் சொல்லுங்க. அடுத்த தடவை அறுந்தா என்கிட்ட வராதீங்க."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தத்தெடுப்பதற்காகக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பதிந்துவைத்து நெடுங்காலம் ஆயிற்று. அந்தப் பதிவையும் செய்தவள் மனைவிதான். மஞ்சளார் கையெழுத்திட்டார், அதுவும் பேனாவில் மை உலர்ந்திருக்கிறதா என்று இரு முறை உதறிப் பார்த்துவிட்டு. கைக்குழந்தை ஒன்று வரும் என்று காத்திருந்த காலம் மெல்ல நகர்ந்து, இருவர் காதோரமும் நரைத்தது. அப்போதுதான் இல்லத் தலைவி அழைத்து, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தார்கள். பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போனார்கள். மெலிந்த உடம்பும் கூர்ந்த பார்வையுமாக இருந்த அந்தச் சிறுமி அதிகம் பேசவில்லை. ஒரு முறை மஞ்சளாரின் சட்டைப் பையிலிருந்த, மின்சாரம் இருக்கிறதா என்று சோதிக்கும் திருப்புளியைக் கேட்டு வாங்கி, ஆராய்ந்து, "இது எரியுமா?" என்றாள். "மின்சாரம் இருந்தா எரியும்" என்றார். அவள் தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தாள். இவ்வளவே அவர்களுக்கிடையே நிகழ்ந்த உரையாடல்.

பின்பு ஒரு திங்கட்கிழமை இல்லத் தலைவி மீண்டும் அழைத்தார். இல்லத்தில் இடம் போதவில்லை. பெரிய பிள்ளைகளைத் தொலைவிலுள்ள அரசு விடுதிக்கு மாற்றப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் இவர்கள் முடிவைச் சொல்லாவிட்டால் சிறுமியும் அந்த வண்டியில் ஏற வேண்டியதுதான். போனவர்களைத் திரும்ப அழைப்பது நடைமுறையில் இல்லை.

மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குச் சம்மதம். துணியில கத்தரி வெக்கறதுக்கு முன்னாடி யோசிக்கறவ நான். யோசிச்சிட்டேன். நீங்க?"

"எனக்கும் வேண்டாம்னு இல்லை…"

"வேணும்னு இருக்கா?"

 "கேட்டுச் சொல்றேன்" என்றார். யாரிடம் கேட்பார் என்று அவள் விசாரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

இம்முறை ஏனோதானோ என்று கேட்கக்கூடாது, முறையாகக் கேட்க வேண்டும் என்று மஞ்சளார் தீர்மானித்தார். வீட்டுக்கு அருகிலுள்ள நாற்சந்தியைத் தேர்ந்தெடுத்தார். பணி முடிந்து வருகையில், கடைசித் திருப்பத்தைக் கடந்து நடைபாதை விளிம்பில் கால் வைக்கும் கணத்தில் நடப்போருக்கான விளக்கு பச்சையாக இருந்தால் சிறுமியை அழைத்துவர உத்தரவு. சிவப்பாக இருந்தால் இல்லை. ஒரு நாள் சோதனை போதாது, மூன்று நாள் பார்க்க வேண்டும். ஏற்பாட்டில் எந்தக் குறையும் அவருக்குத் தென்படவில்லை. இத்தனை நேர்த்தியாகக் கடவுளுக்குக் கேள்வித்தாள் தயாரித்தவர் தம்மைத் தவிர வேறு யார் இருக்க முடியும் என்ற பெருமிதம்கூட எட்டிப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை சிவப்பு. புதனும் சிவப்பு. வியாழக்கிழமை விளிம்பில் கால் பட்டபோது, பச்சை உருவம் அப்போதுதான் அணைந்து, சிவப்பு உருவம் கைகளைத் தொங்கவிட்டு நின்றது. மஞ்சளாரும் அதைப் போலவே நின்றார். வண்டிகளுக்கு நெடுநேரம் பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, இவர் பக்கம் பச்சை வந்தும் அவர் நகரவில்லை. பின்னால் வந்த ஒருவர், "பெரியவரே, போறீங்களா, வழி விடறீங்களா?" என்று கடிந்த பிறகே நகர்ந்தார்.

வீட்டில் மனைவி மேசை மீது துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். மஞ்சளார் நாற்காலி நுனியில் அமர்ந்து நடந்ததைச் சொன்னார்.

"மூணு நாளும் சிவப்பு. நான் என்ன செய்யட்டும்? அவர் வேண்டாங்கறார்."

அவள் கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எந்த விளக்கு? நம்ம தெருமுனையில இருக்கறதா?"

"ஆமா."

"அதுக்கு நேரம் வெச்சது யாரு?"

"பணிமனைதான்."

"பணிமனையில யாரு?"

"…நான்தான்."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சற்று மனத்தாங்கலாக இருந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவள் குரல் இறங்கியது.

"ஒண்ணு கேக்கறேன். கல்யாணமானதுலேருந்து உங்ககூட அந்த ரோட்டைத் தாண்டறேன். ஒரு நாளாவது சிவப்புல நின்னிருக்கோமா?"

அவர் யோசித்துப் பார்த்தார். நின்றதில்லை.

"செருப்புக்கடை வாசல் வந்ததும் உங்க நடை மாறும். சில நாள் வேகமா நடப்பீங்க. சில நாள் கண்ணாடியில செருப்பு பாக்கற மாதிரி நிப்பீங்க. அப்புறம் போனா பச்சை தயாரா இருக்கும். நானும் முதல்ல ஏதோ அதிர்ஷ்டம்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எதிர்ல இருக்கற விளக்குப் பெட்டியில சத்தம் மாறுறது உங்க காதுல விழுது. உங்களுக்குத் தெரியாது, உங்க காலுக்குத் தெரியும்."

மஞ்சளார் தம் கால்களைக் குனிந்து பார்த்தார். ஏதோ வேற்றாள் வீட்டில் புகுந்ததுபோல் இருந்தது. செருப்புக்கடைக்கு எதிரில் கட்டுப்பாட்டுப் பெட்டி இருப்பது உண்மை. நிறம் மாறப் போகுமுன் அதனுள்ளே ஒரு 'டக்' ஒலி எழுவதும் உண்மை. செவ்வாய்க்கிழமை அவ்வாசலில் நின்று கறுப்பு நிறச் செருப்பு ஒன்றை உற்று நோக்கியது நினைவுக்கு வந்தது. புதன்கிழமையும் அதே செருப்பு. வியாழக்கிழமை விலையைக்கூடக் கேட்டார். வீட்டில் இருப்பதே போதும் என்று அவர் நகர்ந்தபோது பச்சை முடியும் தறுவாயில் இருந்தது.

"அப்போ மூணு நாளும்…"

"மூணு நாளும் வேண்டாம்னு சொன்னது கடவுள் இல்லை. உங்க கால்."

"காலுக்குள்ள அவர் இருக்கக்கூடாதா?"

"இருக்கட்டும். ஆனா கால் பயந்ததுக்கு அவர் பேரை எதுக்குச் சொல்றீங்க?"

இருபத்தாறு ஆண்டுகளாக விளக்குகளின் உள்ளும் புறமும் பிரித்துப் பார்த்த கைகள் மடியில் சும்மா கிடந்தன. கடைசியில் மஞ்சளார், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான் என்பதுபோல் முணுமுணுத்தார்:

"கைக்குழந்தைன்னா நம்மள விட்டா அதுக்கு வேற யாரையும் தெரியாது. இவ ஏழு வயசு. வந்து ஒரு மாசத்துல என்னை எடை போட்டுடுவா. இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலை, ஒரு முடிவும் எடுக்க மாட்டேங்கறாருன்னு தெரிஞ்சுடும். பிடிக்கலைன்னா என்ன பண்றது?"

மனைவி அவருக்கு எதிரில் வந்து அமர்ந்தாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கற வரைக்கும் இருக்கணும். எனக்கே உங்களைப் பிடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷமா? நீ சொன்னதே இல்லையே!"

"நீங்க கேக்கலையே. விளக்கைத்தானே கேப்பீங்க."

அன்று படுக்கப் போகுமுன் மஞ்சளார் எந்த நிபந்தனையும் விதிக்காமல் வேண்டிக்கொண்டார். பேருந்து இல்லை, சட்டை இல்லை, நிறம் இல்லை. விதித்தே பழகியவருக்கு அது கேள்வித்தாள் இல்லாத கணக்குத் தேர்வு போல் இருந்தது. பதில் ஏதும் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோதும் வரவில்லை. மதியத்துக்கு மேல் மனைவி, "பையைத் தூக்கவாவது வாங்க" என்றாள். பையைத் தூக்குவதற்கு உத்தரவு தேவையில்லை என்பதால் உடன் புறப்பட்டார்.

இல்லத்துக்குச் செல்லும் பேருந்து ஒரு பெரிய சந்திப்புக்கு இப்பாலேயே இறக்கிவிட்டுவிடும். சாலையைக் கடந்தால் எதிர்ச்சாரியில் இல்லத்தின் இரும்புக் கதவு. இறங்கியவுடன் மஞ்சளாரின் கண் பழக்கத்தால் மேலே போயிற்று. நான்கு பக்கமும் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அதன் காரணம் அவருக்குத் தெரியும். குறுக்கும் நெடுக்குமாக இரு சாலைகளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை போய்விடும்படி எங்கோ கோளாறு நேர்ந்தால், பெட்டி தன் மீதே ஐயம் கொண்டு எல்லா உத்தரவுகளையும் நிறுத்திவிடும். மஞ்சளை மட்டும் மின்னவிடும். முடிவெடுக்க இயலவில்லை என்பதைத் திறந்த மனத்துடன் ஒப்புக்கொள்ளும் அந்தப் பெட்டியின் மீது அவருக்கு எப்போதுமே ஓர் உறவுமுறைப் பாசம் உண்டு.

அவர் கை சட்டைப் பைக்குள் நுழைந்து பெட்டிச் சாவியை எடுத்திருந்தது. எந்நேரமும் உடன் வைத்திருக்கும் சாவி.

"ஒரு நிமிஷம் இரு. என்னன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னிக்கு உங்களுக்கு லீவு."

"இருந்தாலும், இப்படியே விட்டுட்டுப் போனா…"

"திறந்தா எப்போ மூடுவீங்க?"

 திறந்தால் இருட்டுவதற்குள் மூடமாட்டார் என்பதும், அதற்குள் இல்லத்தின் அலுவலறை பூட்டப்பட்டுவிடும் என்பதும் இருவருக்குமே தெரியும். நேற்றுவரை தம் கால் செய்த வேலையை இன்று கை செய்யப் பார்க்கிறது என்று தோன்றியதும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. அடுத்து எந்த உறுப்போ!

"சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மனைவி. "இந்த மாதிரி மின்னினா என்ன அர்த்தம்? நிக்கணுமா, போகணுமா?"

தொழில் கேள்வி என்றால் மஞ்சளாருக்குத் தடுமாற்றமே கிடையாது. "நிக்கணும்னு இல்லை. போகக்கூடாதுன்னும் இல்லை. மெதுவா, ரெண்டு பக்கமும் பாத்து, எதிர்ல வர்றவங்களையும் பாத்துப் போகணும்" என்று விதிப்புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பித்தார்.

"அவ்ளோதானே? வாங்க."

அவர் அசையாமல் நின்றார். தாம் சொன்னதைத் தாமே இன்னொரு முறை கேட்டவர்போல் இருந்தது முகம். சந்திப்பில் ரொட்டி வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, மிதிவண்டியில் வந்த பெண்ணுக்குக் கையால் வழி காட்டினார். அவள் தலையசைத்துக் கடந்தாள். பால் வண்டி நின்று, பள்ளி வாகனத்துக்கு இடம் கொடுத்தது. விளக்குகள் ஒழுங்காக எரியும் நாளில் இச்சந்திப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. இன்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே போனார்கள். வண்டிகள் ஊர்ந்தன, ஆனாலும் நகர்ந்தன. பேருந்து நிலைய நாள் முதலாகக் கடவுளிடம் "காட்டு, காட்டு" என்றே கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். சாவியைப் பைக்குள் போட்டார்.

"ஆண்டவனே, கூட வா" என்றார். வாய்விட்டே சொல்லிவிட்டார் போலும்.

"நான் கூடத்தானே இருக்கேன்" என்றாள் மனைவி.

"உன்னைச் சொல்லலை."

"என்னையும் சேத்துக்கோங்க, ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க."

இருவரும் இரு பக்கமும் பார்த்துக் கடந்தார்கள்.

இல்லத் தலைவி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வரவேற்றார். மஞ்சளார் உட்காருவதற்கு முன்பே, "எங்களுக்குச் சம்மதம்ங்க" என்றார். மனைவி திரும்பிப் பார்த்தாள். இருபது ஆண்டு இல்லறத்தில் அவர் முந்திக்கொண்டு பேசிய முதல் வாக்கியம் அது. தம் வீரத்தின் விளைவாக ஏதேனும் நிகழும், மணியாவது ஒலிக்கும் என்று அவர் எதிர்பார்த்தார் போலும்.

இல்லத் தலைவி புன்னகைத்தார். "ரொம்ப சந்தோஷம் சார். ஆனா நீங்க சொன்னது பாதிதான். மீதியை அவ சொல்லணும். அவளுக்கு இஷ்டமில்லாம அனுப்ப மாட்டோம். காலையிலேருந்து கேட்டுட்டிருக்கேன்."

"என்ன சொன்னா?"

"யோசிச்சுச் சொல்றேங்கறா."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தேடிப் பிடிச்சு உங்க ஜாதகத்துலயே ஒண்ணைக் குடுத்திருக்காரு கடவுள், பாருங்க!"

மஞ்சளாருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் கேள்வி தமக்கு மட்டும்தான் கேட்கப்பட்டது என்று எண்ணி, அதற்காகக் கடவுளையும் விளக்கையும் படாத பாடு படுத்தியாயிற்று. அந்நேரமெல்லாம் அதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி இங்கே தனியாக மல்லாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குத் துணிந்து முடிவெடுக்கும் மனைவிகூட இல்லை.

"நான் போய்ப் பேசலாமா?" என்று கேட்டார்.

பின்புற முற்றத்தில் இரும்புச் சங்கிலி ஊஞ்சல் ஒன்று தொங்கியது. சிறுமி அதில் அமர்ந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள்; விரல் சங்கிலியில் தட்டி எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. மஞ்சளார் பக்கத்திலிருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்தார். பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஆலோசித்தார். நல்லவேளையாக அவளே தொடங்கினாள்.

"உங்க வீட்டுல நான் எங்க தூங்குவேன்?"

"சன்னல் பக்கத்துல ஒரு கட்டில் போட்டிருக்கோம். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்."

"ராத்திரி விளக்கு எரியுமா?"

"எரியும். கெட்டுப்போனா நானே சரி பண்ணிடுவேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அவள் அதை மனத்துக்குள் பதிந்துகொள்வதுபோல் தலையசைத்தாள். "அந்த அம்மா திட்டுவாங்களா?"

"என்னைத்தான் திட்டுவா. உன்னைத் திட்டறதுக்கு நேரம் கிடைக்காது."

அவள் உதட்டோரம் அசைந்தது. உடனே பழையபடி தீவிரமாகிவிட்டாள்.

"எனக்கு வரலாமா வேண்டாமான்னு தெரியலை. அதான் சாமிகிட்ட கேட்டிருக்கேன். இந்த ஊஞ்சலை ஒரு தடவை தள்ளிவிட்டேன். நான் அம்பது எண்ணறதுக்குள்ள நின்னுட்டா வர மாட்டேன். நிக்கலைன்னா வருவேன்."

 "எத்தனை வந்திருக்கு?" என்றார் மஞ்சளார்.

"முப்பத்தி ஒண்ணு. பேசாதீங்க."

அவள் எண்ணலானாள். ஊஞ்சல் மெல்ல ஆடியது. அவர் மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்த்தார். முப்பத்தைந்தில் ஆட்டம் குறைந்தது. நாற்பதில் இன்னும் குறைந்து, ஏறக்குறைய நின்றேவிட்டது. அவர் கை தன்னையறியாமல் சங்கிலியை நோக்கி நீண்டது; பாதியில் மடக்கிக்கொண்டார். அப்போதுதான் அதைக் கண்டார். சிறுமியின் வலது கால் பெருவிரல் மண்ணைத் தொட்டு, யாருக்கும் தெரியாத அளவில், மெல்ல உந்தியது. ஊஞ்சல் மீண்டும் அசைந்தது. அவள் கண்கள் நேர் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. விரல் செய்வது அவளுக்குத் தெரியாது என்று மஞ்சளாருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. இத்துறையில் அவருடைய அனுபவம் சாமானியமானதன்று.

நாற்பத்தாறில் பெருவிரல் மறுபடி உந்தியது.

"நாப்பத்தொம்பது. அம்பது" என்றாள். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்து, நம்ப முடியாதவள்போல் அவரை நோக்கினாள். "நிக்கவே இல்லை!"

"ஆமாம்மா" என்றார் மஞ்சளார். "நானும் பாத்தேன்."

இல்லத் தலைவியும் மனைவியும் வாசற்படியில் வந்து நின்றார்கள். மனைவியின் கை நிலைச்சட்டத்தைப் பற்றியிருந்தது.  சிறுமி ஊஞ்சலிலிருந்து இறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு ஊஞ்சலுக்கு அப்பால் கிடந்தது. மஞ்சளார் எழுந்து போய் எடுத்து வந்தார். எந்தக் காலுக்கு உரியது என்று ஒரு கணம் யோசித்தார்.

"வலது" என்றாள் அவள்.